பிளக்கைக் கழற்ற முதல்

பருத்தித்துறைக் கரையில் என் பட்டறைக்கு வரும் மெசின்களில் அரைவாசிக்கு மேல் ஒரே முறைப்பாட்டோடுதான் வருகின்றன. "அண்ணை, காபுரேற்றர் பிடிச்சிட்டுது. கழுவித் தாங்கோ." விடியக் கடலால் வந்து, மீனை ஏலம் கூறி விற்று, வலையைக் காயப் போட்டுவிட்டு, இரண்டு பேராய் மெசினைத் தூக்கி லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மெசின் வரும். தாங்கி வராது, ரியூப்பும் வராது. நான் ஸ்பனரைத் தொட முதல் கேட்பது அதைத்தான்.

"தாங்கி எங்க?"

"அது போட்டில கிடக்கு."

"ரியூப்?"

"அதுவும் அங்கதான்."

"போய் ரெண்டையும் எடுத்துக்கொண்டு வா தம்பி. பிறகு கதைப்பம்."

சிலருக்கு முகம் சுருங்கும். இவன் வேலையைத் தட்டிக்கழிக்கிறான் என்று நினைப்பார்கள். இரவு முழுக்கக் கண் விழித்தவனைத் திரும்பக் கரைக்கு அனுப்புவது எனக்கும் விருப்பமான காரியமில்லை. ஆனால் எண்ணெய் ஏறவில்லை என்று சொல்லிக் கொண்டுவரப்படும் மெசின்களில் பெரும்பாலானவற்றுக்கு மெசினுக்குள் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எண்ணெய் வரும் வழியில் கிடக்கும். அந்த வழியைக் கரையில் விட்டுவிட்டு மெசினை மட்டும் கொண்டுவந்தால், நான் காபுரேற்றரைக் கழுவிப் பூட்டிக் காசு வாங்கலாம். அடுத்த இரவே அவன் கடலில் நிற்பான்.

எங்கள் பக்கம் கடல் தொழிலுக்குப் போவது கூடுதலாக 18 அடி பைபர் படகுகள்தான். பின்னால் 8, 15, 25 குதிரைவலு மெசின்கள், சிலதுக்கு 40. பெரும்பாலும் யமஹா, இடைக்கிடை சுசூகி. இப்போது நான்கு ஸ்ரோக் மெசின்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் இந்தக் கரையைச் சுமந்தது மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ரோக் மெசின்தான். எனக்குக் கை படிந்ததும் அதில்தான்.

இரண்டு ஸ்ரோக் மெசினில் எண்ணெய் குறைவது வெறும் ஓட்டக் குறைவு அல்ல. அதன் பிஸ்ரனுக்கும் பெயாரிங்குக்கும் தனியாக ஆயில் போகும் வழி கிடையாது. எரிபொருளோடு கலந்த 2ரி ஆயில்தான் போகிற வழியில் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு போகிறது. பெற்றோலில் ஓடும் மெசின் என்றால் 50 பங்குக்கு 1 பங்கு ஆயில் என்பது வழக்கமான கணக்கு. எரிபொருள் பாதியாகக் குறைந்தால் ஆயிலும் பாதியாகக் குறைகிறது. அதே நேரம் காற்று கூடி எண்ணெய் குறைந்த கலவை கூடுதல் சூட்டோடு எரிகிறது. சூடு ஏற, வழுவழுப்பு இறங்க, கடைசியில் பிஸ்ரன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அரைவாசி அடைபட்ட ஒரு ரியூப்போடு இரண்டு கிழமை ஓடி, பிறகு சிலிண்டர் கீறுப்பட்டு வந்த மெசின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முழுக்க அடைபட்ட ரியூப் பரவாயில்லை, மெசின் நின்றுவிடும். பாதி அடைபட்டதுதான் ஆளை விழுத்தும்.

அதற்கு ஒரு முன்னறிவிப்புச் சத்தம் இருக்கிறது. எண்ணெய் குறையத் தொடங்கும்போது மெசின் உடனே அடங்காது. ஒரு கணம் வேகம் கூடினது மாதிரிக் கீச்சென்று மேலே போகும். அதற்குப் பிறகுதான் முக்கிக்கொண்டு விழும். பின்னால் கடையாரில் இருப்பவன் அந்தக் கணத்தில் "நல்லா இழுக்குது" என்று நினைத்து அக்சிலேற்றரை இன்னும் திருகினால் கேடு. அந்தக் கீச்சுக்கு உடனே கையைத் தளர்த்த வேண்டும். பட்டறைக்கு வேலை பழக வரும் பெடியளுக்கு நான் முதலில் பழக்குவது ஸ்பனர் பிடிப்பதை அல்ல, இந்தச் சத்தத்தைத்தான்.

இனி வழியைப் பார்ப்போம். தாங்கியின் மூடியில் ஒரு சின்னக் காற்றாணி இருக்கிறது. எண்ணெய் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். படகு ஆடும்போது எண்ணெய் தெறிக்கக்கூடாது என்று கரையில் அந்த ஆணியை இறுக்கிவிடுவார்கள், வெளிக்கிடும்போது திறக்க மறந்துவிடுவார்கள். மெசின் உடனே எடுக்கும், நன்றாக ஓடும், கொஞ்ச நேரத்தில் தாங்கி உள்ளே வெற்றிடமாகி நின்றுவிடும். பிளாஸ்ரிக் தாங்கி என்றால் பக்கம் ஒடுங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும். அதோடு வைத்தியம் முடிந்தது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, ஆனால் இதற்காகவே பிளக் மாற்றி, கொயில் மாற்றிக் காசைக் கொட்டினவர்கள் இருக்கிறார்கள்.

தாங்கிக்குள்ளே இறங்கும் குழாயின் அடியில் ஒரு வலைச் சல்லடை. அதில் மணல், தும்பு, பிளாஸ்ரிக் சீவல் எல்லாம் வந்து ஒட்டும். அதற்கு அடுத்தது ரியூப், ரியூப்பின் நடுவில் கைப்பம்ப், ரியூப்பின் நுனியில் மெசினோடு கொழுவும் கப்ளிங். கப்ளிங்குக்குள் இருக்கும் ஓ ரிங் ஒரு மோதிரத்தைவிடச் சின்னது. அது வெடித்திருந்தால் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒழுக்கு என்றால் ஈரம் தெரியவேண்டும் என்று தேடுகிறார்கள். இழுக்கும் பக்கத்தில் இருக்கும் ஓட்டை ஈரம் காட்டாது. அது காற்றைக் குடிக்கும்.

கைப்பம்ப்பை எல்லோரும் ஸ்ராட் பண்ணுவதற்கான சாமான் என்று மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு அது இந்த வழி முழுவதிலும் இருக்கும் ஒரே பரிசோதனைக் கருவி. அம்புக்குறி மெசினைப் பார்த்தபடி பிடித்து அமத்துங்கள். நாலைந்து அமத்தலில் கல்லுப்போல இறுகினால் தாங்கியிலிருந்து அதுவரை வழி பெரும்பாலும் சரி, காபுரேற்றரின் ஊசி வால்வும் அடைக்கிறது. எவ்வளவு அமத்தினாலும் இறுகாவிட்டால் ஒன்றில் காற்று போகிறது, அல்லது பம்ப்பின் உள்வால்வு கெட்டுவிட்டது, அல்லது காபுரேற்றர் ஊசி அடைக்காமல் எண்ணெய் வழிகிறது. மூன்றாவது என்றால் மெசின் மூடியைத் திறந்ததும் மணமே சொல்லும். மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் சப்பையாக ஒட்டிப்போனால் தாங்கிப் பக்கம் அடைப்பு. மெசின் எண்ணெய் கேட்கிறது, பின்னால் இருந்து வரவில்லை.

இன்னும் ஒன்று. மெசின் முக்கிக்கொண்டு விழும் நேரத்தில் ஒருவன் கைப்பம்ப்பை விடாமல் அமத்திப் பார்க்கவேண்டும். அமத்த அமத்த மெசின் உயிர் பிடித்து இழுத்தால் காபுரேற்றரும் ஜெற்றும் சுத்தம், அவற்றைத் தொடவேண்டாம். மெசினின் எண்ணெய்ப் பம்ப்பும் அதற்குப் பின்னால் உள்ள வழியும்தான் குற்றவாளி. அமத்தியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால்தான் ஜெற்றையும் பிளக்கையும் பற்றி யோசிக்கவேண்டும். ஒரு செலவுமில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காபுரேற்றரைக் கழற்றுகிறவனிடம் மெசினைக் கொடுக்காதீர்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன்.

பட்டறையில் ஓடும், கடலில் நிற்கும் என்ற முறைப்பாடும் நிறைய வரும். பட்டறையில் மெசினைத் தண்ணீர்ப் பரலுக்குள் விட்டு, தாங்கியை வாங்கில் மேல் வைத்து ஓட்டிக் காட்டுவார்கள். மேலே வைத்த தாங்கியிலிருந்து எண்ணெய் தன்பாட்டிலேயே இறங்கும். பம்ப் செத்திருந்தாலும் மெசின் ஓடும். படகில் தாங்கி கிடப்பது அடித்தளத்தில், மெசின் இருப்பது அதற்கு மேலே. பம்ப் இழுத்து ஏற்றவேண்டும். போதாததற்குப் பரலுக்குள் மெசினுக்குப் பாரம் இல்லை. நான் தாங்கியை நிலத்தில்தான் வைப்பேன். அதிலும் தெளியாவிட்டால் அவர்களோடு படகில் ஏறிக் கடலுக்குப் போவேன். கொட்டடிக் கரையிலிருந்து முழு வேகத்தில் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்தால் பட்டறையில் ஒரு நாள் முழுக்கத் தெரியாதது தெரிந்துவிடும்.

அப்படிப் போகும்போது ஒரு முழ நீளத் தெளிவான பிளாஸ்ரிக் ரியூப்பைக் கையோடு கொண்டுபோவேன். அதை மெசினுக்கும் ரியூப்புக்கும் நடுவில் பூட்டிவிட்டு ஓடும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எண்ணெய் நிறைந்து அசையாமல் போனால் நல்லது. குமிழி ஓடினால் காற்று போகிறது. குமிழி ஓடுகிற நேரத்தில் ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பிடிப்பேன். எந்த மூட்டைப் பொத்தும்போது குமிழி குறைகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஒரு சோளகக் காலத்தில் தும்பளைப் பக்கத்திலிருந்து ஒரு பெடியன் வந்தான். தகப்பன் இல்லாத குடும்பம், கடனில் எடுத்த மெசின். மெதுவாக ஓடினால் சரி, வேகம் கூட்டினால் நிற்கிறது. வேறொரு இடத்தில் காபுரேற்றர் முழுதும் மாற்றி, எண்ணெய்ப் பம்ப்பும் புதிது போட்டுவிட்டான். கைப்பம்ப் நன்றாக இறுகியது. காற்றாணி திறந்திருந்தது. சல்லடை சுத்தம். ரியூப்பை வாயால் ஊதிப் பார்த்தேன், தாராளமாகக் காற்றுப் போனது. பிறகு மற்றப் பக்கமாக, மெசின் இழுப்பது போல, வாயால் இழுத்தேன். மெதுவாக இழுத்தால் வந்தது. உறிஞ்சி இழுத்தால் நாக்கில் டக்கென்று ஒட்டி அடைத்தது.

ரியூப்பைக் கத்தியால் நீளத்துக்குப் பிளந்தேன். வெளிப்பட்டை கறுப்பாய்ப் புதிதுபோல இருந்தது. உள்ளே மெல்லிய தோல் ஒன்று ஒரு பக்கத்தில் கழன்று, விரல்நீளத்துக்கு நாக்கு மாதிரித் தொங்கியது. மெதுவாக எண்ணெய் ஓடும்போது அது சுவரோடு படுத்திருக்கும். வேகம் கூடி இழுப்பு கூடினதும் எழுந்து குறுக்கே படுத்து வழியை அடைக்கும். ஊதினால் திறக்கும், இழுத்தால் மூடும். எண்ணெய் பட்டுப் பட்டு உள் ரப்பர் பிரிகிற குணம் இது. மலிவான ரியூப்பில் விரைவில் வரும், நல்ல ரியூப்பிலும் வருடக் கணக்கில் வரும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அவன் அந்தத் துண்டைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கோ அண்ணை நான் காபுரேற்றர் மாத்தினான்?" என்று மட்டும் கேட்டான். அந்தப் பழைய காபுரேற்றரை அவன் எறிந்திருக்கவில்லை. அதைச் சுத்தம் செய்து, இன்னொரு சம்மாட்டிக்கு விற்றுக் காசைக் கையில் கொடுத்தேன்.

எண்ணெய்ப் பம்ப் தனிக் கதை. அதற்குக் கரண்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. பிஸ்ரன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறைக்குள் காற்று அமுங்கியும் விரிந்தும் துடிக்கும். அந்தத் துடிப்பு ஒரு மெல்லிய சவ்வை ஆட்டும், சவ்வின் ஆட்டம் எண்ணெயை இழுத்துத் தள்ளும். சவ்வு விறைத்தால் வேகத்தில் எண்ணெய் போதாது. சவ்வில் ஊசித் துளை விழுந்தால் கோளாறு தலைகீழாக வரும். துளை வழியே எண்ணெய் நேரே கிராங்க் அறைக்குள் போய், மெசின் எண்ணெய் கூடினதுபோலப் புகைக்கும், பிளக் நனைந்து வரும். அதைப் பார்த்துவிட்டுக் காபுரேற்றர் வழிகிறது என்று மிதவையை வளைக்கத் தொடங்குவார்கள். பிளக் நனைந்திருந்தால் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசித் துளை என்றால் வெளிச்சம் தெரியும்.

சவ்வைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் சின்ன மாமா. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது நான் அவருடைய பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பெடியன். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப் பாகம் என்ற பேச்சே இல்லை. வலுக்கூடிய மெசின்களுக்குத் தடை. மண்ணெண்ணெய்தான் விளக்குக்கும், அதுதான் மெசினுக்கும். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி போட்டுப் படித்த தலைமுறை நாங்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கடலுக்குப் போவதா, பிள்ளை படிக்கும் விளக்குக்குப் போவதா என்று வீடுகளில் உண்மையாகவே கதை நடந்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடின.

அது ஏன் அப்படி என்பதை மாமா ஒரு கோப்பையில் காட்டினார். கடற்கரை மணலில் இரண்டு தகரக் கோப்பை. ஒன்றில் ஒரு சொட்டுப் பெற்றோல், மற்றதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். பெற்றோல் நெருப்புக்குச்சி கிட்டப் போக முதலே பற்றியது. மண்ணெண்ணெய்க்கு மேலே குச்சி எரிந்து முடிந்தது, அது பற்றவில்லை. பெற்றோல் கடும் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவு ஆவி விடும். குளிர்ந்த மெசினுக்குள் அது துளியாகவே கிடக்கும். அதனால்தான் மண்ணெண்ணெய் மெசினுக்கு இரண்டு தாங்கி, நடுவில் ஒரு திருப்பி. பெற்றோலில் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குக் கொஞ்சம் முந்தித் திரும்பப் பெற்றோலுக்கு வரவேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பஞ்சி பார்த்து விடுகிறவர்கள்தான் அடுத்த நாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள் நோவோடு வருகிறார்கள். மிதவைக் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் நின்றால் குளிர்ந்த மெசின் எப்படி எடுக்கும்?

அந்தக் காலத்தில் கஸ்கற் வெட்டியது கலண்டர் மட்டையில். சவ்வுக்குத்தான் மாமா பட்ட பாடு பெரிது. சைக்கிள் ரியூப் ரப்பரை எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அது மண்ணெண்ணெயில் ஊதிப் பெருத்துவிடும். எந்தப் பொருள் கிடைத்தாலும் அவர் ஒரு துண்டை வெட்டி மண்ணெண்ணெய் விட்ட போத்தலில் ஓர் இரவு ஊறப்போடுவார். காலையில் எடுத்து, வெட்டிய அளவுக்கு மேலே வைத்துப் பார்ப்பார். அளவு மாறாதிருந்தால்தான் மெசினுக்கு. இன்றைக்கும் கடையில் வாங்கும் மலிவுச் சவ்வையும் ஓ ரிங்கையும் நான் ஊறப்போட்டுத்தான் பூட்டுகிறேன். பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் போத்தல் சொல்வதைத்தான் நம்புவேன்.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு மணற்காட்டுப் பக்கத்தால் வந்த மெசின்களைப் பற்றி நிறைய எழுதலாம், மனம் வராது. மெசினைக் கொண்டு வந்தவன் வீட்டில் யார் இல்லை என்று கேட்காமல் வேலை செய்யவேண்டிய நாட்கள் அவை. தொழில் சம்பந்தமாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடலுக்குள் மூழ்கி எடுத்த மெசினை வெளியே காயப் போடக்கூடாது. காற்றுப் பட்டவுடன்தான் உப்பு தின்னத் தொடங்கும். கழற்ற நேரம் வரும்வரை நல்ல தண்ணீருக்குள் அமுக்கி வைக்கவேண்டும். வீட்டுத் தொட்டிகளிலும் பரல்களிலும் நாங்கள் மெசின்களைத் தாட்டு வைத்திருந்தோம். பார்த்தவர்கள் எங்களுக்கு விசர் என்று நினைத்தார்கள். அப்படித் தாட்டவை பல திரும்ப ஓடின. வெயிலில் வைத்தவற்றின் காபுரேற்றருக்குள் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது.

அந்த வெள்ளைப் பொடியை இப்போதும் அடிக்கடி காண்கிறேன், மூழ்காத மெசின்களிலும். தாங்கிக்குள் போகும் உப்புத் தண்ணீர்தான் காரணம். தண்ணீர் மண்ணெண்ணெயைவிடப் பாரம், அடியில் போய் இருக்கும். சல்லடையும் அடியில்தான் இருக்கிறது. மிதவைக் கிண்ணத்துக்கு வந்தாலும் அடியில்தான், பெரிய ஜெற் இருக்கும் இடத்தில். ஒரு துளி தண்ணீர் ஜெற்றின் துளையில் உட்கார்ந்தால் மெசின் நிற்கும். மாதக் கணக்கில் இருந்தால் உலோகத்தைத் தின்று பொடியாக்கும். கிண்ணத்தின் அடியில் ஓர் ஆணி இருக்கிறது. அதைத் திறந்து வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு தனியே நிற்கும். பழைய வேட்டித் துணியால் வடித்து ஊற்றுகிறோம் என்பார்கள். துணி மணலைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. கலனை ஓர் இரவு ஆடாமல் வைத்து, மேலால் மெதுவாகச் சரித்து ஊற்றி, அடியில் இரண்டு விரல் அளவை விட்டுவிடுவதுதான் வழி. விலை கொடுத்து வாங்கியதை யார் அப்படி விடுவார்கள்?

விலை என்று வந்தால் 2022ஐச் சொல்லாமல் விடமுடியாது. கச்சா எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் திரும்பத் திரும்ப மூடப்பட்டது. மண்ணெண்ணெய்க்குக் கலன்களை வரிசையில் அடுக்கிவிட்டு ஆட்கள் தெருவில் படுத்தார்கள். ஆவணி மாதம் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. வரிசையில் கிடைக்காதவன் எங்கே கிடைத்தாலும் வாங்கினான். அந்த மாதங்களில் என் பட்டறைக்கு வந்த தாங்கிகளில் மண்ணெண்ணெய் மட்டும் இருக்கவில்லை. டீசல் கலந்தது, பழைய ஆயில் கலந்தது, தேங்காய் எண்ணெய்க் கலனில் நிறைத்தது, மழைத்தண்ணீர் சேர்ந்தது எல்லாம் வந்தன. ஒரு கடதாசியில் ஒரு துளி விட்டுப் பார்ப்பேன். பெற்றோல் என்றால் பறந்துவிடும், மண்ணெண்ணெய் மெல்ல மெல்லக் காயும், டீசல் எண்ணெய்த் தடமாய்க் கிடக்கும். ஏமாற்றி விற்றவனைத் தேடிப் போக ஒருவருக்கும் நேரமில்லை. தொழில் இல்லாத ஒவ்வொரு நாளும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஜெற்றின் ஊசித் துளையில் ஒட்டிய பிசினைச் சுரண்டும்போது, இது மெசினைக் கொண்டுவந்த பெடியனின் கவனக்குறைவு அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் எண்ணெய் வந்த வழி தாங்கிக்கு எவ்வளவோ அப்பால் அடைபட்டுக் கிடந்தது.

சுரண்டுவது என்று எழுதிவிட்டேன். கம்பியால் சுரண்டக் கூடாது. ஜெற் பித்தளை, மெல்லியது. கம்பி விட்டால் துளை பெருக்கும், அல்லது வட்டம் கெடும். பிறகு அந்த மெசின் வாழ்நாள் முழுக்க எண்ணெய் குடிக்கும். ஊறவைத்து, எதிர்ப்பக்கமாகக் காற்று அடித்து, வெளிச்சத்தில் பிடித்து வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். காபுரேற்றர் கழுவுவதில் இதற்கு மேல் பெரிய இரகசியம் இல்லை.

கோளாறு நடப்பது கடலில், நான் இருப்பது கரையில். இப்போது கைத்தொலைபேசி வந்தபிறகு அந்தத் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு வாடைத் தொடக்கத்தில் இரவு ஒன்றரை மணியளவில் பொலிகண்டிப் பெடியன் ஒருவன் எடுத்தான். கரை வெளிச்சம் தெரிகிற தூரம்தான். வலை படகில், காற்று எழும்பத் தொடங்குகிறது, கூட இருப்பது அவனுடைய தம்பி.

"மாமா, மெசின் நிக்குது. எடுத்தால் எடுக்குது, கொஞ்சத்தூரம் ஓடிப்போட்டுத் திரும்ப நிக்குது."

"காத்தாணி?"

"திறந்துதான் கிடக்கு. மூடியையே கழட்டிப்போட்டன்."

"கைப்பம்ப் எப்பிடிக் கிடக்கு? நிக்கேக்க தொட்டுப் பார்த்தனியோ?"

"சப்பையாப் போய்க் கிடந்தது."

"இப்ப?"

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. "இப்ப உப்பிட்டுது மாமா."

ஓடும்போது சப்பை, நின்று கொஞ்சம் பொறுத்தால் தானே உப்புகிறது. நிரந்தரமாக அடைத்த சல்லடை இப்படிச் செய்யாது. தாங்கிக்குள் ஏதோ ஒன்று மிதக்கிறது. இழுப்பு இருக்கும்வரை அது சல்லடையில் ஒட்டிக்கொள்ளும், மெசின் நின்றதும் கழன்று விழும். ரியூப்பைக் கைப்பம்ப்புக்குத் தாங்கிப் பக்கமாகக் கழற்றி, வாயை வைத்துத் தாங்கிக்குள் பலமாக ஊதச் சொன்னேன். பிறகு பூட்டி, முழுவேகம் விடாமல் அரைவேகத்தில் வா, கைப்பம்ப்பில் தம்பியின் கை இருக்கட்டும், சப்பையாகத் தொடங்கினால் உடனே நிற்பாட்டித் திரும்ப ஊது என்றேன். வேகம் குறைந்தால் இழுப்புக் குறையும், ஒட்டுவதும் குறையும். தொலைபேசியை வைக்காமல் படகின் தட்டில் போட்டுவிட்டு வந்தான். மெசின் சத்தம் ஏறுவதும், அடங்குவதும், அவன் துப்புவதும், திரும்பக் கயிறு இழுப்பதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. கீச்சென்ற அந்தச் சத்தம் வருகிறதா என்று நான் காதை வைத்திருந்தேன். இரண்டொரு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் கை தளர்ந்ததும் கேட்டது. இதைப் பழக்கியதற்காக எனக்குக் கிடைத்த கூலி அந்தச் சத்தம்தான் என்று சொல்லுவேன்.

காலையில் தாங்கியை அவனே கொண்டுவந்தான், நான் கேட்கவில்லை. முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து முழுவதையும் வேறு கலனுக்கு வடித்தோம். கடைசியில் விழுந்தது ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஈயத்தாள் வில்லை. 2ரி ஆயில் போத்தலின் வாயில் மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் அடைப்பு. இருட்டில் அதை விரலால் குத்திக் கிழித்து ஊற்றும்போது முழுதாகக் கழன்று ஆயிலோடு உள்ளே போய்விட்டது. எத்தனை நாள் உள்ளே மிதந்ததோ தெரியாது.

அதன் பிறகு என் பட்டறையில் 2ரி ஆயில் வாங்குகிறவர்களுக்குப் போத்தலைத் திறந்து, வில்லையை இழுத்தெடுத்து, என் மேசையில் இருக்கும் தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன். திறந்த போத்தலை வாங்கச் சிலர் யோசிக்கிறார்கள், கலப்படமோ என்று கேட்கிறார்கள். டப்பாவைக் காட்டிக் காரணத்தைச் சொல்வேன். போன கிழமை இன்பர்சிட்டியிலிருந்து வந்த ஒரு தாங்கியிலும் அதே வில்லை கிடந்தது. அது வேறு கடையில் வாங்கிய போத்தல். அந்தக் கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.